ஆஸ்பத்திரியும் கடன் வாங்கும்



கடன் என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தீபாவளி முற்பணம் கடன்தான். கடைக்காரர் கொப்பியில் எழுதி வைப்பதும் கடன்தான். தோட்டை அடகு வைத்தால் அதுவும் கடன். எந்தக் கடன் கழுத்தை நெரிக்கும், எந்தக் கடனைத் தாங்கலாம் என்பது லயத்து அம்மாமாருக்கு வங்கி மனேஜரை விட நன்றாகத் தெரியும். ஆனால் ஓர் ஆஸ்பத்திரி கடன் வாங்குமா? வார்ட் கட்டவும் எக்ஸ்ரே மெஷின் வாங்கவும் அது யாரிடம் போய் நிற்கும்? இம்முறை நாம் படிக்கப்போவது இதைத்தான்.

நம் நாட்டில் இந்தக் கேள்வி அதிகமாக எழுவதில்லை. நுவரெலியாவிலோ பதுளையிலோ அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் டொக்டருக்கு நாம் காசு கொடுப்பதில்லை. மக்கள் கட்டும் வரியில் இருந்து அந்தச் செலவு போகிறது. சீனி வாங்கும்போதும் மண்ணெண்ணெய் வாங்கும்போதும் நாமும்தான் வரி கட்டுகிறோம். ஆகவே அது தர்மம் அல்ல. தோட்டத்து வைத்தியத்தின் கதை வேறு. கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டப் பகுதிகளின் வைத்தியச் செலவுக்காகத் தோட்டக்காரர்களிடம் இருந்து பணம் அறவிடச் சட்டம் வந்தது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தொழிலாளரின் வைத்தியத்துக்குத் தோட்ட நிர்வாகத்தைப் பொறுப்பாக்கியது. தோட்டத்து டிஸ்பென்சரியும் பிள்ளைப்பேறு வார்டும் அந்த வழியில் வந்தவை. 1990களில் இருந்து சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. ஆக, நாம் அறிந்தவை இரண்டு வகை: ஒன்று அரசாங்கத்தின் ஆஸ்பத்திரி, மற்றது தோட்டத்தின் ஆஸ்பத்திரி. கொழும்பில் காசு கட்டிப் போகும் தனியார் ஆஸ்பத்திரிகளும் உண்டு. அவை நம் கைக்கு எட்டாதவை.

இந்த மூன்றிலும் சேராத நாலாவது வகை ஒன்று உலகத்தில் நிறைய உண்டு. அதுதான் இலாப நோக்கற்ற ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் கிராமப்புற ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலானவை ஒன்றில் இந்த வகை, இல்லாவிட்டால் உள்ளூர்ச் சபைகள் நடத்துபவை.

இலாப நோக்கற்றது என்றால் என்ன?

‘அங்கே காசு வாங்க மாட்டாங்க’ என்று நினைத்துவிடக் கூடாது. வாங்குவார்கள். நம் மரண உதவிச் சங்கத்தை எண்ணிப் பாருங்கள். மாதச் சந்தா வசூலிக்கிறோம், செலவு செய்கிறோம். வருட முடிவில் மிச்சம் இருந்தால் அதைத் தலைவரும் பொருளாளரும் பங்கு போட்டுக்கொள்ள முடியுமா? முடியாது. அது சங்கத்தின் பணம், சங்க வேலைக்கே போக வேண்டும். இலாப நோக்கற்ற ஆஸ்பத்திரியும் இதே மாதிரிதான். மிச்சம் வந்தால் ஆஸ்பத்திரிக்குள்ளேயே போகும். பங்குதாரர் என்று யாரும் இல்லை.

இதில் ஒரு நன்மையும் ஒரு கஷ்டமும் சேர்ந்தே இருக்கின்றன. இலாபம் எடுத்துப் போக ஆள் இல்லை என்பது நன்மை. முதல் போடவும் ஆள் இல்லை என்பது கஷ்டம். இலாபம் கிடைக்காத இடத்தில் எந்தப் பணக்காரர் முதல் போடுவார்? ஆகவே புதுக் கட்டிடம் வேண்டுமென்றால் ஒன்றில் நன்கொடை கேட்க வேண்டும், அல்லது கடன் வாங்க வேண்டும்.

நாட்டுப்புறத்து ஆஸ்பத்திரிக்கு வங்கி லேசில் கடன் கொடுக்காது. நோயாளிகள் குறைவு, வருபவர்களும் ஏழைகள். கடனைக் கட்டத் தவறினால் அந்தக் கட்டிடத்தை வங்கி விற்கவும் முடியாது. மலையோரத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியை வாங்கி யார் என்ன செய்வது? ஆகவே வங்கி ஒன்றில் மறுக்கும், அல்லது வட்டியை ஏற்றும்.

வட்டி ஏறினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஓர் ஆஸ்பத்திரி 1 கோடி ரூபா கடன் வாங்கி, 20 வருடத்தில் சமமான மாதத் தவணையாகக் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி வருடத்துக்கு 12 வீதம் என்றால் மாதம் ஏறக்குறைய 1 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா கட்ட வேண்டும். 20 வருட முடிவில் கட்டிய மொத்தம் 2 கோடி 64 இலட்சம். அதே கடன் 3 வீத வட்டிக்குக் கிடைத்தால் மாதம் 55,500 ரூபா அளவில்தான். மொத்தம் 1 கோடி 33 இலட்சம். அதே கட்டிடம், அதே கட்டில்கள், ஆனால் மாதத் தவணை பாதி. மிச்சமாகும் 54 ஆயிரத்துச் சொச்சத்தில் மாதாமாதம் மருந்து வாங்கலாம், தாதிக்குச் சம்பளம் கொடுக்கலாம்.

அந்த மற்றப் பாதியை யார் சுமப்பது? அரசாங்கம் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தால் அந்தச் சுமை பொதுப் பணத்தின் மேல் வருகிறது. பொதுப் பணம் போகும் இடத்தில் பொதுமக்களுக்குக் கேள்வி கேட்க உரிமை வருகிறது. இந்த வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1946ஆம் ஆண்டின் சட்டம்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த நேரம். அமெரிக்கா பணக்கார நாடு என்று நாம் சொன்னாலும், அங்கே தென்பகுதிக் கிராமங்கள் பலவற்றில் ஆஸ்பத்திரியே இல்லை. அலபாமா மாநிலத்தில் இருந்து வந்த லிஸ்டர் ஹில், ஒஹாயோவில் இருந்து வந்த ஹரோல்ட் பர்ட்டன் என்ற இரண்டு செனட்டர்கள் ஒரு சட்டத்தைக் கொண்டு வந்தார்கள். ஹில்லின் தகப்பனார் பெயர் பெற்ற சத்திரசிகிச்சை டொக்டர். கிருமி கொல்லும் மருந்தைச் சத்திரசிகிச்சையில் புகுத்திய ஜோசப் லிஸ்டரின் பெயரைத்தான் மகனுக்கு வைத்திருந்தார்! 1946 ஓகஸ்ட் 13ஆம் திகதி ஜனாதிபதி ட்ரூமன் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஹில்-பர்ட்டன் சட்டம் என்று அதைச் சொல்வார்கள்.

1,000 பேருக்கு 4.5 கட்டில் என்ற அளவுக்கு ஆஸ்பத்திரிகளை உயர்த்துவதுதான் குறிக்கோள். காசை முதலில் அள்ளிக் கொடுத்துவிடவில்லை. ஒவ்வொரு மாநிலமும் எங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது, எங்கே இல்லை என்று கணக்கெடுத்துத் திட்டம் போட வேண்டும். அதன் பிறகுதான் பணம். ஏழை மாநிலங்களுக்குக் கூடுதலான பங்கு. தொடக்கத்தில் கட்டிடச் செலவில் மூன்றில் ஒரு பங்கை மத்திய அரசாங்கம் கொடுத்தது, மீதியை ஊர் திரட்ட வேண்டும். ஏழை ஊர்கள் மூன்றில் இரண்டு பங்குக்கு எங்கே போகும்? ஆகவே 1949இல் சட்டத்தைத் திருத்தி, அரசாங்கப் பங்கு மூன்றில் இரண்டு வரை போகலாம் என்று ஆக்கினார்கள். 1970இல் இன்னொரு திருத்தம் வந்தது. இலாப நோக்கற்ற ஆஸ்பத்திரி வங்கியில் எடுக்கும் கடனுக்கு அரசாங்கம் பிணை நிற்கவும், வட்டியில் ஒரு பகுதியைத் தானே கட்டவும் அது வழி செய்தது.

1975 ஆகும்போது அமெரிக்காவின் ஆஸ்பத்திரிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இந்தப் பணத்தின் உதவியைப் பெற்றிருந்தது. இது பெரிய சாதனை, அதை மறுப்பதற்கில்லை. ஒரு குறையும் இருந்தது. கட்டிய பிறகு நடத்தும் செலவைத் தாங்க முடியும் என்று காட்டிய ஊருக்குத்தான் பணம் கிடைத்தது. அதனால் மிகவும் ஏழையான ஊர்கள் வரிசையின் கடைசியிலேயே நின்றன. உதவித் திட்டங்களில் இப்படி நடப்பதை நாமும் பார்த்திருக்கிறோம் அல்லவா?

இனி முக்கியமான விஷயம். அந்தப் பணத்துக்கு நிபந்தனை இருந்தது. பணம் பெற்ற ஆஸ்பத்திரி, காசு கட்ட முடியாதவர்களுக்கு ஓரளவு இலவச வைத்தியம் செய்ய வேண்டும். அந்தப் பகுதியில் வாழும் எல்லோருக்கும் கதவைத் திறந்து வைக்க வேண்டும். ஆனால் அதே சட்டத்தில் ஓர் ஓட்டையையும் விட்டு வைத்தார்கள். கறுப்பின மக்களுக்குத் தனி ஆஸ்பத்திரி இருந்தால், வெள்ளையர் ஆஸ்பத்திரி அவர்களைச் சேர்க்கத் தேவையில்லை என்பதே அது.

வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ என்ற நகரம். அங்கே ஜோர்ஜ் சிம்கின்ஸ் என்ற கறுப்பினப் பல் டொக்டர் இருந்தார். அவரிடம் வந்த ஒரு நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. கறுப்பினத்தவரின் ஆஸ்பத்திரியில் இடம் இல்லை. வெள்ளையரின் இரண்டு ஆஸ்பத்திரிகளும் ஏற்கவில்லை. இரண்டும் ஹில்-பர்ட்டன் பணத்தில் பங்கு பெற்றவை. ‘என் வரிப் பணத்திலும்தானே கட்டினீங்க’ என்ற நியாயத்தோடு சிம்கின்ஸும் மற்ற டொக்டர்களும் நோயாளிகளும் 1962இல் வழக்குப் போட்டார்கள். 1963இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பொதுப் பணம் வாங்கிய ஆஸ்பத்திரி நிறம் பார்த்து ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ஆகியது. 1964இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பில் கை வைக்க மறுத்துவிட்டது.

இலவச வைத்தியம் என்ற நிபந்தனைக்கு என்ன நடந்தது? ஏறக்குறைய 25 வருடம் அது காகிதத்தில் கிடந்தது. ஆஸ்பத்திரிகள் அதைச் சொல்லவில்லை, ஏழைகளுக்கு அது தெரியவும் இல்லை. 1970களில் ஏழை மக்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்கள் நீதிமன்றம் போன பிறகுதான் அதிகாரிகள் அசைந்தார்கள். 1979இல் வந்த விதிகள் கடுமையாக இருந்தன. இலவச வைத்தியம் உண்டு என்ற அறிவித்தலை ஆஸ்பத்திரியில் ஆட்கள் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். வைத்தியம் பார்த்து பில் வந்த பிறகும் நோயாளி விண்ணப்பம் போடலாம். கடன் வசூலிப்பவரிடம் பில்லைக் கொடுத்த பிறகும் போடலாம். தனியாக வரும் டொக்டரின் கட்டணம் மட்டும் இதில் அடங்காது. இந்தத் திட்டத்தில் புதிதாகப் பணம் கொடுப்பது 1997இல் நின்றுவிட்டது. இருந்தாலும் முன்பு பணம் பெற்ற சில இடங்களுக்கு அந்தக் கடமை இன்னமும் உண்டு.

இன்று யார் கொடுக்கிறார்கள்?

அமெரிக்காவின் விவசாயத் திணைக்களம் இன்று கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்குக் கடன் கொடுக்கிறது. விவசாயத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்க வேண்டாம். பயிர் செய்பவன் படுத்துவிட்டால் பயிர் ஏது? 20,000 பேருக்கு மேற்படாத ஊர்களுக்கு இந்தக் கடன் கிடைக்கும். வட்டி மாறாது, தவணைக் காலம் 40 வருடம் வரை போகலாம். வேறு எங்கும் நியாயமான வட்டிக்குக் கடன் கிடைக்காதவர்களுக்கே கொடுப்பார்கள். ஊர் மக்களின் ஆதரவு இருக்கிறது என்று காட்டவும் வேண்டும். மிகச் சிறிய, மிக ஏழையான ஊராக இருந்தால் செலவில் 75 வீதம் வரை திருப்பிக் கட்டத் தேவையில்லாத மானியமாகவும் கிடைக்கலாம்.

கலிபோர்னியா மாநிலம் 1979இல் இதற்கென்றே ஓர் அதிகார சபையை அமைத்தது. அது செய்யும் வேலை கொஞ்சம் சூட்சுமமானது. ஆஸ்பத்திரிக்காக அது கடன் முறி வெளியிடுகிறது. முறி என்றால் ‘இவ்வளவு பணம் தாருங்கள், இன்ன திகதியில் வட்டியோடு தருகிறோம்’ என்ற பத்திரம். அந்த வட்டிக்கு வருமான வரி இல்லை. வரி இல்லாததால் பணம் போடுபவர்கள் குறைந்த வட்டிக்கும் சம்மதிக்கிறார்கள். கடனைக் கட்டுவது ஆஸ்பத்திரி, மாநிலம் அல்ல. ஆனால் முறி வெளியிடச் சட்டத்தரணி செலவு, எழுத்துச் செலவு என்று எக்கச்சக்கமாகப் போகும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அது தாங்கும், சின்னதுக்குத் தாங்காது. ஆகவே சிறிய, கிராமத்து, இலாப நோக்கற்ற இடங்களுக்கு 2, 3 வீதம் என்ற அளவில் நேரடிக் கடனும் அதே சபை கொடுத்து வருகிறது.

மடேராவின் கதை

இவ்வளவு வசதி இருந்தும் ஓர் ஆஸ்பத்திரி மூடப்பட்டது. அது ஏன் என்று பார்த்தால்தான் பாடம் முழுமை ஆகும்.

கலிபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கில் மடேரா என்ற மாவட்டம். திராட்சை, பாதாம், பிஸ்தா விளையும் மண். மக்கள் தொகை ஒன்றரை இலட்சத்துக்கு மேல். தோட்டங்களிலும் வயல்களிலும் கூலி வேலை செய்பவர்கள் ஏராளம். அவர்களில் பலர் மெக்சிக்கோவில் இருந்து வந்த குடும்பங்கள், பேசுவது ஸ்பானிய மொழி. பிழைக்க வந்த இடத்தில் இன்னொரு பாஷை பேசிக்கொண்டு கொழுந்து கிள்ளிய நம் பாட்டன் பாட்டிமாரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே 1971இல் திறந்த மடேரா சமூக ஆஸ்பத்திரி இருந்தது. இலாப நோக்கற்றது. பெரியவர்களுக்கான பொது ஆஸ்பத்திரி மாவட்டத்தில் அது ஒன்றுதான். 2023 ஜனவரியில் அதை மூடிவிட்டார்கள். அதன் கீழ் இருந்த கிராமத்து கிளினிக்குகளும் நின்றன. நெஞ்சு வலி வந்தாலும் விபத்து நடந்தாலும் 35 கிலோமீற்றர் தள்ளி இருக்கும் பிரெஸ்னோ நகரத்துக்குத்தான் ஓட வேண்டும். அங்குள்ள ஆஸ்பத்திரிகளோ ஏற்கனவே நிரம்பி வழிந்தவை. மலையில் இருந்து லொறியில் நோயாளியை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனவர்களுக்கு 35 கிலோமீற்றர் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

மூடியதற்குக் காரணம் கட்டிடம் அல்ல. வந்த நோயாளிகளில் பெரும்பாலோர் ஏழைகளுக்கும் முதியோருக்குமான அரசாங்கக் காப்புறுதியில் இருந்தவர்கள். ஏழைகளுக்கான காப்புறுதி கொடுத்த தொகை வைத்தியச் செலவுக்குப் போதவில்லை. ஒவ்வொரு நோயாளியைப் பார்க்கும்போதும் கொஞ்சம் நட்டம். கோவிட் காலத்தில் செலவு ஏறியது. வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக் குழுமம் பொறுப்பேற்பதாக இருந்த பேச்சும் 2022 டிசம்பரில் முறிந்தது.

அதன் பிறகுதான் மாநிலம் விழித்துக்கொண்டது. 2023 மே மாதம், நொடிந்துபோகும் நிலையில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு வட்டியே இல்லாத கடன் கொடுக்கச் சட்டம் வந்தது. முதலில் 15 கோடி டொலர், பிறகு ஏறக்குறைய 30 கோடி. அந்த வருடமே 17 ஆஸ்பத்திரிகளுக்குக் கடன் ஒதுக்கப்பட்டது. முதல் 18 மாதம் கட்டத் தேவையில்லை, 72 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். மடேராவுக்கு மட்டும் 5 கோடி டொலருக்கு மேல் ஒதுக்கினார்கள்.

மடேரா ஆஸ்பத்திரி 2025 மார்ச்சில் மீண்டும் திறந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு மாவட்டமே காத்துக் கிடந்தது. ஆனால் நடத்த வந்தது இலாப நோக்குள்ள ஒரு கம்பனி. திறந்தபோது பிரசவ வார்டு இருக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் பயணம் பயணம்தான்.

எங்கள் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். குறைந்த வட்டிக் கடன் சுவர் எழுப்பும், மெஷின் வாங்கித் தரும். தினசரி வரும் நோயாளியின் செலவை அது தாங்காது. அதற்கு வரிப் பணமோ காப்புறுதியோ மாதாமாதம் சரியான அளவில் வந்தாக வேண்டும். மடேராவுக்கு அந்தக் கடன் 2023இல் அல்ல, அதற்கு முன்பே தேவைப்பட்டது. கடனை விட, பார்த்த வைத்தியத்துக்கு உரிய காசு தேவைப்பட்டது. மூடிய ஆஸ்பத்திரியைத் திறக்கச் செலவு அதிகம், ஏனென்றால் டொக்டரும் தாதியும் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்களைத் திரும்பக் கூப்பிடுவது, மிளகாய் மூட்டையைத் திரும்ப ஏற்றுவது மாதிரி லேசான காரியமா?

நம் பக்கத்தில், வீட்டுத் திட்டங்களில் குறைந்த வட்டிக்குக் கடன் எடுத்து மாதச் சம்பளத்தில் வெட்டக் கொடுத்துக் கட்டி முடித்த குடும்பங்கள் உண்டு. கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்: ‘ஐயா, வட்டி எவ்வளவு? எத்தனை வருஷம்? வீடு யார் பேர்ல இருக்கும்?’ பொதுப் பணத்தில் தோட்டத்துக்கு ஒரு டிஸ்பென்சரியோ, அம்புலன்ஸோ, பிள்ளைப்பேறு வார்டோ வருகிறது என்றால் இன்னும் சில கேள்விகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இது யார் காசு? என்ன நிபந்தனை? அந்த நிபந்தனை நமக்குத் தெரியும் மொழியில் சுவரில் ஒட்டப்படுமா? தோட்டத்தில் பெயர் இல்லாதவர்களுக்கும், வெளியே வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் அங்கே வைத்தியம் உண்டா? திறப்பு விழா முடிந்த பிறகு மருந்துக்கும் சம்பளத்துக்கும் காசு எங்கிருந்து வரும்?

இரவு வகுப்பில் செய்து பார்க்க ஒரு கணக்கு. ஓர் ஆஸ்பத்திரிக்கு 54 இலட்சம் ரூபா வட்டியில்லாக் கடன் கிடைக்கிறது. முதல் 18 மாதம் எதுவும் கட்டத் தேவையில்லை, 72 மாதத்துக்குள் சம தவணையில் முடிக்க வேண்டும். மாதத் தவணை எவ்வளவு? விடை வந்த பிறகு இதையும் பாருங்கள்: அந்த ஆஸ்பத்திரிக்கு மாதம் 40 இலட்சம் வருகிறது, தவணை இல்லாமலே மாதம் 41 இலட்சம் செலவாகிறது. கடன் பணம் முழுவதையும் இந்தப் பள்ளத்தை நிரப்பவே பயன்படுத்தினால், தவணையும் தொடங்கிய பிறகு எத்தனையாவது மாதத்தில் கை காலியாகும்?